பாத்தியும் பாணியும்: லால்பாக் சதுரங்கள் குறித்துப் புக்கானனுடன் ஒரு வழக்கு

பெங்களூருத் தோட்டங்களைப் பற்றி எழுதும் எவரும் கடைசியில் பிரான்சிஸ் புக்கானனிடம் போய்த்தான் நிற்கிறார்கள். மைசூர் சுல்தான் திப்பு வீழ்ந்து ஓராண்டு கழிந்த பின், 1800 மே மாதம், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆணைப்படி மைசூர் நாட்டைப் பார்வையிட வந்தவர் அவர். 1807இல் லண்டனில் மூன்று தொகுதிகளாக வெளிவந்த அவருடைய பயண நூலில் இங்குள்ள சுல்தான் தோட்டங்களுக்குச் சிறிது இடம் கிடைத்திருக்கிறது. நிலம் சதுரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது; இடையிடையே நடைபாதைகள்; பாதையோரம் சைப்ரஸ் மரங்கள்; சதுரங்களுக்குள் பழமரங்களும் சமையலுக்கான கீரைகளும். ஒரு சதுரம் முழுக்க ரோஜா, இன்னொன்று முழுக்க மாதுளை. ஒவ்வொரு செடிக்கும் தனி நிலம் ஒதுக்குவது முஸ்லிம்களின் வழக்கம் என்று ஒரே வரியில் விளக்கமும் தந்துவிடுகிறார். அந்த ஒரு வரியை ஏற்க முடியவில்லை.

இந்தச் சதுரங்கள் பிரான்சிலிருந்து வந்தவை என்று இதற்கு எதிராகச் சொல்லப்படும் கதையையும் பார்த்துவிடலாம். திப்புவின் தூதர்கள் 1788 ஆகஸ்டில் வெர்சாயில் பதினாறாம் லூயியைச் சந்தித்தார்கள். சுல்தான் கேட்டனுப்பியவற்றில் கைவினைஞர்களோடு தோட்டக்காரர்களும் விதைகளும் செடிகளும் இருந்தன. ஆனால் அத்தோட்டங்களில் ஒன்றான லால்பாக்கைத் திப்புவின் தந்தை ஹைதர் தொடங்கியது 1760இல். இருபத்தெட்டு ஆண்டு கழித்துப் போன தூது அந்தத் தொடக்கத்தை விளக்காது. ஹைதரிடம் பிரெஞ்சு வீரர்கள் இருந்தார்கள் என்பது உண்மைதான். பீரங்கி வார்க்கத் தெரிந்தவனுக்குப் பாத்தி கட்டவும் தெரிந்திருக்கும் என்று நம்ப அது போதாது.

இன்று பெங்களூரின் தொம்மலூர், இந்திராநகர்ப் பக்கம் வீட்டு முற்றங்களுக்கு ‘பிரெஞ்சு நாட்டுப்புறத் தோட்டம்’ வரைந்து தருகிறார்கள். சரளைப் பாதை, சதுரப் பாத்திகள், ரோஸ்மேரி, ரோஜா, ஓரத்தில் கீரை. (லாவெண்டரையும் சேர்ப்பார்கள்; செப்டம்பர் மழையில் அதன் வேர் அழுகாமல் நின்றால் அதிசயம்.) பெயரை மறைத்துவிட்டுப் பார்த்தால் புக்கானன் கண்டதற்கும் இதற்கும் எலும்புக்கூட்டில் பெரிய வேறுபாடு இல்லை. ஒரே வடிவத்தை ஒருவர் முஸ்லிம் பாணி என்கிறார், இன்னொருவர் பிரெஞ்சுப் பாணி என்கிறார் என்றால், வடிவத்தின் மூலத்தைப் பாணிக்கு வெளியே தேட வேண்டியிருக்கிறது.

புக்கானனின் குறிப்பிலேயே அதற்கான தடயம் உண்டு. இவ்வூர்த் தோட்டங்களின் பெரிய குறையாக அவர் கண்டது தண்ணீர்த் தட்டுப்பாடு. பெங்களூரில் பெரிய ஆறு இல்லை. மாடு பூட்டிக் கபிலையில் இறைக்க வேண்டும். சாலில் வந்த நீர் தொட்டியில் விழுந்து, வாய்க்காலில் ஓடி, மடை திறந்த பாத்திக்குள் மட்டும் நிற்கும். கீரைக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பாய்ச்ச வேண்டும். மாதுளைக்கு அவ்வளவு அவசரம் இல்லை. ரோஜாவின் காலடியில் நீர் தேங்கக் கூடாது. மூன்றையும் ஒரே பாத்தியில் நட்டவன் மாட்டின் உழைப்பை வீணாக்குகிறான். ஒரு பாத்திக்கு ஒரு பயிர் என்பது மடை திருப்புகிறவனின் கணக்கு. அதைச் சுல்தானின் சமயத்தோடு புக்கானன் முடிச்சுப் போட்டது, தோட்டம் யாருடையது என்பதை மட்டும் கேட்டு, மண்வெட்டி யார் கையில் இருந்தது என்பதைக் கேட்காததால் வந்தது.

சுல்தான்களுக்கு முன் இவ்வட்டாரத்தில் கிணற்றுப் பாசனம் இருந்ததா? இங்கேதான் தொம்மலூர் உதவுகிறது. பெயரைக் கேட்டால் சிவன் கோயிலாகத் தோன்றும் சொக்கநாதசுவாமி கோயிலில் இருப்பவர் சொக்கப்பெருமாள். ரைஸ் பதிப்பித்த எபிகிராபியா கர்நாடிகாவின் பெங்களூர்த் தொகுதி (1905) இக்கோயிலின் தமிழ்க் கல்வெட்டுகளைத் தருகிறது. ஊர் அவற்றில் தொம்பலூர் என்றும் தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் வருகிறது. தலைக்காட்டு என்பவரும் அவர் மனைவியும் கொடுத்த கொடையில் ஜாலப்பள்ளி நிலமும் விண்ணமங்கலம் ஏரியும் பேசப்படுகின்றன. அது ஏரிப்பாசன உலகம். விஜயநகர மன்னன் தேவராயன் காலக் கொடை அப்படி இல்லை. தொம்பலூரைச் சுற்றிய வீடுகள், கிணறுகள், நிலங்கள் பெருமாளுக்கு அளிக்கப்படுகின்றன.

கிணறுகள் தனியே எண்ணப்படுவதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். மரமும் கிணறும் உட்படத் தருவது தமிழ்க் கொடைக் கல்வெட்டுகளின் வாய்பாடுதானே என்று மறுக்கலாம். அந்த மறுப்புக்கு வலு உண்டு. ஆனாலும் வீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவே கிணறு நிற்கும்போது, அது குடிநீருக்கு மட்டும் என்று கொள்வதைவிட மனையை அடுத்த தோட்டக்காலுக்கும் உரியது என்று கொள்வதே பொருந்துகிறது. பாத்தியின் வடிவத்தைக் கல்வெட்டு சொல்லவில்லை. அது என் ஊகம். காலமும் கறாராக இல்லை. இரண்டாம் தேவராயன் என்பது வழக்கமான அடையாளம். 15ஆம் நூற்றாண்டின் முற்பாதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

அங்கிருந்து 1800 வரை சுமார் மூன்றரை நூற்றாண்டு இடைவெளி. அதை நிரப்பக்கூடியவர்கள் திகளர்கள்: தமிழ் வேர் கொண்ட, காய்கறியும் பூவும் பயிரிடும், கரகம் எடுக்கும் சமூகம். ஹைதர்தான் அவர்களை லால்பாக்குக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுவந்தார் என்பது பரவலான பேச்சு. முன்பே இங்கிருந்தார்கள் என்பதற்கும் வாதங்கள் உண்டு. முன்பே இங்கிருந்தால்தான் அந்த இடைவெளி நிரம்பும்; எது சரியானாலும் லால்பாக்கில் பாத்தி கட்டியது அவர்கள் கை.

பாத்தியின் வடிவம் ஒரு பாணிக்கு மட்டும் உரியது அல்ல என்பதைப் பிரான்சின் பக்கமும் காட்டுகிறது. வெர்சாயில் லா கேந்தினி 1678 முதல் 1683 வரை அமைத்த அரசரின் காய்கறித் தோட்டத்தில் நடுக்குளத்தைச் சுற்றிப் பதினாறு சதுரங்கள். நாட்டுப்புறத் தோட்டத்துக்கு மாதிரியாகக் காட்டப்படும் வில்லாந்திரி மாளிகைத் தோட்டத்தின் ஒன்பது சதுரங்களோ, 1906இல் அந்த மாளிகையை வாங்கிய ஜோவாக்கிம் கார்வாயோ பழைய வரைபடங்களைக் கொண்டு மீட்டு அமைத்தவை. புக்கானன் பார்த்த பாத்திகளைவிட அவை வயதில் இளையவை.

சைப்ரஸ் வரிசைகள் மட்டும் என் வாதத்துக்குள் அடங்கவில்லை. பழமும் தராமல், பாத்திக்கு நிழலும் தராமல் நெடுக நின்ற அம்மரங்களை எந்த நீர்க்கணக்கும் விளக்காது. பாரசீகத் தோட்ட மரபே அவற்றுக்குப் பொருத்தமான தாய்வீடு. அந்த அளவில் புக்கானன் சொன்னது நிற்கும்.