உரைகல்லாகிய விண்மீன்

மழை ஓய்ந்த மார்கழி இரவில் மட்டக்களப்பு வாவியிலே தோணி செலுத்துவோர், கார்த்திகை மீன்கூட்டமும் உரோகிணியும் உச்சிவானில் ஏறிநிற்பதைக் காண்பர். அவற்றுக்குத் தெற்கே மிக மங்கலான மீனொன்று உளது. வெறுங்கண்ணுக்கு எட்டும் கடைசி ஒளியினும் இரண்டாயிரம் மடங்குக்கு மேல் குறைந்த ஒளியுடையதாதலின் எவரும் அதனைக் கண்டிலர். கியூமாசன், சுவிக்கி என்னும் இருவர் 1947 இல் வெளியிட்ட நீலமீன் பட்டியலில் நான்காவதாக இடம்பெற்றமையால் அதற்கு எச்.இசட். 4 எனப் பெயராயிற்று. இந்தியாவின் அஸ்ட்ரோசாட் செய்மதியிலுள்ள ஊதாக்கடந்த ஒளித் தொலைநோக்கிக்கு உரைகல்லாய் அமைந்தது இம்மீனே.

ஊதாக்கடந்த ஒளியை ஜெர்மானியராகிய இரித்தர் 1801 இல் கண்டறிந்தார். எனினும் விண்மீன்களினின்று வரும் அவ்வொளியின் பெரும்பகுதியை ஓசோனும் காற்றும் விழுங்கிவிடுதலால், அதனை அளக்க விரும்புவோர் வளிமண்டலத்தைக் கடந்தே செல்லவேண்டும். அமெரிக்கர் 1968 இல் ஏவிய வானாய்வுச் செய்மதி இத்துறையில் வழிதிறந்தது. அஸ்ட்ரோசாட் 2015 செப்டெம்பர் 28 இல் சிறீகரிக்கோட்டாவிலிருந்து எழுந்தது. ஏறத்தாழ 650 கிலோமீற்றர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்ந்த வழியிலே அது சுழல்கிறது. மட்டக்களப்போ ஏழே முக்காற் பாகை வடக்கில் உள்ளது. ஆகவே அச்செய்மதி சிலபோது வாவியின் தென்வானில் மிக உயர்ந்தே கடந்து செல்லும். இச்செய்தி ஈண்டு அறிந்தோர் சிலரே.

பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் பிறருடன் கூடி அமைத்த அத்தொலைநோக்கியின் ஆடிகள் 37.5 சதமமீற்றர் விட்டமுடையன. அதன் உறுப்புக்கள் நிலத்தில் வைத்தே அளக்கப்பட்டன. ஒளியுணரிகள் கனடாவின் கல்கரியில் ஆராயப்பட்டன. அங்ஙனமாயின் மீண்டும் அளப்பது எதற்கு? ஆடியின்மேற் படியும் மிக மெல்லிய ஆவிப்படலமும் ஊதாக்கடந்த ஒளியை உறிஞ்சிவிடும். செய்மதியின் பாகங்களிலிருந்து கசியும் ஆவிகள் அகலும்வரை, இரண்டு திங்கள் மூடிகளைத் திறவாதிருந்து, நவம்பர் 30 இலேயே திறந்தனர். அதன்பின்னும் எவ்வளவு மாசு படிந்தது என்பதை நிலத்து ஏடுகள் கூறா. வான் ஒளியொன்றே கூறவல்லது.

யாழுக்குச் சுருதி கூட்டுவோர், தவறாத நரம்பொன்றைப் பற்றியே ஏனையவற்றை இசைவிப்பர். பண்டை யாழின் நரம்புகளைக் கணிதத்தால் அளந்தவர் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள். அவர்தம் யாழ்நூல் வெளிவந்ததும் அதே 1947 ஆம் ஆண்டே என்பது தற்செயலெனினும் இனியது. வானியலாருக்கு அத்தகைய நரம்பு வெண்குறளி. எரிபொருள் தீர்ந்து ஒடுங்கிய அவ்விண்மீனின் ஒளி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. எச்.இசட். 4 போன்றவற்றின் புறத்தே ஐதரசனே நிறைந்திருத்தலால், எந்த அலைநீளத்தில் எத்துணை ஒளி வருமெனக் கணக்கிடவும் இயலும். மங்கலும் இங்கே ஒரு நலமாயிற்று. ஒளியுணரி நொடிக்கு ஏறத்தாழ 29 படம் எடுத்து ஒளித்துகள்களைத் தனித்தனி எண்ணுவது. பேரொளி மீனாயின் ஒரே படத்தில் ஓரிடத்தில் விழும் இரு துகள் ஒன்றாகவே எண்ணப்படும்.

வந்தடைய வேண்டிய துகள்களையும் எண்ணப்பெற்ற துகள்களையும் வடிகட்டிதோறும் ஒப்பிட்டு, தாண்டனும் குழுவினரும் 2017 இல் முடிவை வெளியிட்டனர். கருவியின் கூர்மை எதிர்பார்த்ததற்குச் சற்றே குறைந்து, ஏற்கத்தக்கதாகவே இருந்தது. நாள்தோறும் ஆடி மங்குகிறதா என அறியத் துருவ மீனுக்கு அருகிலுள்ள என்.ஜி.சி. 188 என்னும் மீன்கூட்டம் தெரிந்தெடுக்கப்பட்டது. ஆண்டு முழுதும் நோக்கத்தக்க திசையில் அது இருப்பதே காரணம்.

இவ்வளவையின் பயன் 2020 இல் வெளிப்பட்டது. புனே ஆய்வாளர், 930 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள நாள்மீன்மண்டலம் ஒன்றினின்று மிகு ஆற்றல்வாய்ந்த ஊதாக்கடந்த ஒளி கசிவதை இத்தொலைநோக்கியாற் கண்டனர். மிகச் சில துகள்களை நம்பிய முடிவு அது. அளவை பிழைத்திருப்பின் அதனை எவரும் ஏற்றிரார். அண்மை ஊதாக்கடந்த ஒளியை நோக்கும் பிரிவு 2018 இல் செயலிழந்தது. சேய்மைப் பிரிவு தொடர்ந்தது. ஐந்தாண்டுக்கென அமைத்த அச்செய்மதி 2025 செப்டெம்பரிற் பத்தாண்டு நிறைந்தது.