கஞ்சித்தொட்டியும் உறுப்பு வரைபடமும்

1

ஸ்டான்லி மருத்துவமனையை 'ஸ்டான்லி' என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'கஞ்சித்தொட்டிக்குப் போய்ட்டு வர்றேன்' என்றுதான் ஆயா வியாசர்பாடியிலிருந்து கிளம்புவாள். 1782இன் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்த ஆஸ்பத்திரி அது. கவர்னர் ஸ்டான்லியின் பெயர் 1930களில் பலகையில் ஏறியது. ஜனங்களின் வாயில் கஞ்சிதான் நின்றது. பசித்த உடல் வரிசை கட்டிய இடத்தில்தான் பிறகு நோயுற்ற உடலும் வரிசை கட்டியது. மனித உறுப்புகளின் மூலக்கூறு வரைபடம் பற்றி இன்று நடக்கும் பேச்சை நான் இந்த வரிசையில் நின்றுகொண்டுதான் கேட்கிறேன்.

2

முதலில், அந்த வரைபடம் என்ன என்று பார்த்துவிடுவோம். ஓர் உடலில் சுமார் 37 லட்சம் கோடி செல்கள். திசுவைக் கரைத்து, செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, எந்தெந்த மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று படிக்கும் முறை முன்பே வந்துவிட்டது. ஆனால் அப்படிப் பிரித்தால், எந்தச் செல் எதற்குப் பக்கத்தில் இருந்தது என்பது அழிந்துபோகிறது. கூவக்கரைக் குடிசைகளை எடுத்துக் கண்ணகி நகரில் கொண்டுபோய்ப் போட்டார்களே, தலைக்கணக்கு சரியாக இருந்தது, அக்கம்பக்கம் போய்விட்டது, அது மாதிரி. ஒரு செல் என்ன செய்யும் என்பதில் பாதி அதன் அக்கம்பக்கம்தான்.

ஆகவே திசுவைக் கலைக்காமல் மெல்லிய சீவல்களாக வெட்டுகிறார்கள். குறிப்பிட்ட ஒரு புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் ஏற்றிப் படம் பிடிக்கிறார்கள். அந்த ஒளியை நீக்கிவிட்டு அடுத்த சாயம். ஒரே சீவலில் பல பத்துப் புரதங்களின் இடம் இப்படிப் பதிவாகிறது. சீவல்களைக் கணினியில் அடுக்கினால் உறுப்பு முப்பரிமாணத்தில் எழுந்து நிற்கிறது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் 2018இல் தொடங்கிய 'ஹப்மேப்' திட்டம் 2023 ஜூலையில் சிறுநீரகம், குடல், தாயும் நஞ்சுக்கொடியும் சந்திக்கும் இடம் ஆகியவற்றின் வரைபடங்களை வெளியிட்டது.

இது எங்கோ நடப்பதல்ல. 2024 டிசம்பரில் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 'தரணி' என்ற பெயரில் கருவின் மூளைக்கு முப்பரிமாண வரைபடம் வெளியிட்டது. இரண்டாம் மும்மாதக் கருக்களின் மூளைகள், 5,132 சீவல்கள், செல் செல்லாகத் தெரியும். உலகமே திறந்து பார்க்கலாம். சென்னை இதற்காகப் பெருமைப்படுவதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொரு சீவலுக்குப் பின்னாலும் பிறக்காமல் போன ஒரு குழந்தையும் ஒரு தாயும் இருக்கிறார்கள் என்பதை அந்தப் பெருமை மறந்துவிடக் கூடாது.

3

உடலை வரைவதற்கு உடல் வேண்டும். யாருடைய உடல்? உடற்கூறியலின் வரலாறு இந்தக் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்கிறது. 1832இல் இங்கிலாந்தின் சட்டம், ஏழைகள் விடுதியில் செத்து யாரும் கேட்டு வராதவர்களின் உடலை அறுவை மேசைக்கு அனுப்பியது. சென்னையில் 1951இல் வந்த உடற்கூறியல் சட்டமும் உரிமை கோரப்படாத உடலைத்தான் மருத்துவக் கல்லூரிகளுக்குக் கொடுத்தது. 'உரிமை கோரப்படாத' என்பது பார்ப்பதற்கு நடுநிலையான சொல். அடக்கத்துக்குக் காசில்லாதவன், ஊர்விட்டு வந்து பிளாட்பாரத்தில் செத்தவன் என்று அதைப் பெயர்த்து வாசிக்க வேண்டும். 1993இல் அமெரிக்காவின் டெக்சாசில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட ஒரு கைதியின் உடலை உறைய வைத்து, ஒரு மில்லிமீட்டர் இடைவெளியில் அரிந்து, 1994இல் 'காணக்கூடிய மனிதன்' என்று வெளியிட்டார்கள். உடலை அவனே தானம் செய்திருந்தான் என்பது உண்மை. சாவை எதிர்பார்த்துச் சிறையில் இருப்பவனின் சம்மதம் எவ்வளவு சம்மதம் என்பதும் கேள்விதான்.

வடசென்னை உடல் இன்னொரு வழியிலும் மருத்துவத்துக்குள் போயிருக்கிறது. எண்பதுகளில் வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர். உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. அதற்குப் பிறகும், 2007இல், சுனாமியில் வீடிழந்து எர்ணாவூரில் குடியமர்த்தப்பட்ட மீனவப் பெண்கள் கடனுக்காகச் சிறுநீரகம் விற்றது வெளியே வந்தது. செல் செல்லாக இன்று வரையப்படும் அதே சிறுநீரகம். வரைபடத்தில் அதன் ஒவ்வொரு குழாய்க்கும் பெயர் உண்டு, கடனுக்குக் குறியீடு இல்லை.

4

எங்க நைனா ஹார்பரில் நிலக்கரி இறக்கியவர். பீடி தொட்டதில்லை. ஓர் ஆஸ்பத்திரியில் அவருடைய எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்த டாக்டர் கேட்ட ஒரே கேள்வி: 'எத்தனை பீடி குடிப்பே?' இன்னா வேலை செஞ்சே என்று கேட்கவில்லை. படத்தில் நுரையீரல் தெரிந்தது, ஹார்பர் தெரியவில்லை. 2011இல் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்தத் துறைமுகத்தில் நிலக்கரி நின்றது, எண்ணூர்ப் பக்கம் நகர்ந்தது. அதாவது, தூசி இன்னொருவர் மார்புக்கு மாறிப் போனது.

2023இல் வெளிவந்த நுரையீரல் செல் அட்லஸ் 486 பேரின் செல்களை ஒன்றுசேர்த்தது. அதன் மையத் தொகுப்பில் பெரும்பான்மையோர் ஐரோப்பிய வம்சாவளியினர். குறையை அதைச் செய்தவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் பிரச்சினை இன வம்சாவளி மட்டுமல்ல. ஆரோக்கியமான உடலைத் தேர்ந்து அதை 'மனிதன்' என்று நிறுவிவிட்டால், கரியை மூச்சாக இழுத்த நுரையீரல் அந்த மனிதனிலிருந்து ஒரு விலகல் என்றே வாசிக்கப்படும். விலகலுக்குக் காரணம் அவனுடைய பழக்கத்தில் தேடப்படும், அவன் பார்த்த வேலையில் அல்ல.

இந்த வரைபடம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அறிவியலைச் சந்தேகித்துவிட்டு ஒதுங்கிக்கொள்வது நமக்குக் கட்டுப்படியாகாது. நிலக்கரித் துகள் நுரையீரலில் எந்த மூலையில் எந்தச் செல்லைக் கெடுக்கிறது என்று காட்டக்கூடிய கருவி இதுதான். அப்படிக் காட்டினால் நஷ்டஈட்டு வழக்கில் அது சாட்சியாகும். ஆகவே கோரிக்கை இரண்டு: எங்கள் உடலும் வரைபடத்துக்குள் வரட்டும், தெரிந்து, கேட்டு, சம்மதித்து. வரும்போது வேலையும் தெருவும் கூடவே பதிவாகட்டும். செல்லுக்கு அக்கம்பக்கம் முக்கியம் என்று கண்டுபிடித்த அறிவியல், அந்த அக்கம்பக்கம் தோலோடு முடிவதாக நினைத்துக்கொள்ள நியாயமில்லை.