செம்மண் கேட்ட வாடகை

“எவருக்கும் உரிமையற்ற நிலம்!” ஒரு கண்டத்தையே விழுங்கி ஏப்பம் விடுவதற்கு இந்த ஒரு சொற்றொடர் போதுமானதாக இருந்தது. துப்பாக்கியும் வந்தது, சங்கிலியும் வந்தது, கொள்ளை நோயும் கூடவே வந்தது. எனினும் ஆஸ்திரேலிய மண் சட்டப் புத்தகத்திலே கைமாறியது இந்தச் சொற்றொடரின் துணையால்தான். 1770-இல் குக் என்னும் கப்பற் தலைவர் கீழ்க்கரையில் நின்று ஆங்கில அரசன் பெயரால் உரிமை கொண்டாடினார். 1788 சனவரி 26-இல் கைதிகளை ஏற்றிவந்த கப்பல்கள் சிட்னித் துறையிலே குடியேற்றத்தைத் தொடங்கின. அங்கே 50,000 ஆண்டுகளுக்கும் மேலாக மக்கள் வாழ்ந்தனர். மொழி இருந்தது, உறவுமுறை இருந்தது, இன்ன குன்று இன்ன குடிக்கு என்ற வரையறை இருந்தது. ஆனால் ஏர் பூட்டவில்லையாம், வேலி கட்டவில்லையாம், ஆகவே மண் அவர்களுக்குச் சொந்தமில்லையாம்! எப்படியிருக்கிறது வாதம்?

பழங்கதை பேசுகிறோம் என்று எண்ணிவிடாதீர், தோழர்களே! சென்ற நூற்றாண்டின் ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் நடந்ததைக் கேளுங்கள். பிரிட்டன் ‘ப்ளூ ஸ்ட்ரீக்’ என்றொரு ஏவுகணை செய்தது. அதைப் பாய்ச்சிச் சோதிக்க ஆஸ்திரேலியாவின் ஊமெரா தளம் தேர்ந்தெடுக்கப்பட்டது. கணை செல்லும் திசையிலே மேற்குப் பாலையில் பிண்டுபி மக்கள் வாழ்ந்தனர். அவர்கள் பாலையினின்று அகற்றப்பட்டுப் பாப்புன்யா போன்ற குடியிருப்புகளிலே அடைக்கப்பட்டனர். பெற்ற தாயினும் பெரிதாக மண்ணை மதித்தவர்கள், வேறு குடிகளின் மண்ணிலே, அரசு அளந்து கொடுத்த மாவை நம்பி வாழ நேர்ந்தது. 1981-இல் அவர்களிற் பலர் தாமாகவே புறப்பட்டுத் தம் பழைய நிலத்தில் கிண்டோர் என்ற ஊரை அமைத்தனர்.

இந்தப் பிண்டுபி மக்களின் கதைதான் 1987-இல் உலகம் கேட்ட பாட்டாயிற்று. ‘மிட்நைட் ஆயில்’ என்ற இசைக்குழு ‘டீசல் அண்ட் டஸ்ட்’ – டீசலும் புழுதியும் – என்ற இசைத்தட்டை அவ்வாண்டு வெளியிட்டது. அதன் முதன்மைப் பாடல் ‘பெட்ஸ் ஆர் பர்னிங்’, அதாவது ‘படுக்கைகள் எரிகின்றன’. மண் அவர்களுடையது, திருப்பிக் கொடு, அதுவரை குடியிருந்ததற்கு வாடகை கொடு என்பதே அதன் பொருள். இரக்கம் காட்டச் சொல்லவில்லை, பிச்சையிடச் சொல்லவில்லை. கணக்குத் தீர்க்கச் சொன்னது! அமெரிக்கப் பாடல் வரிசையில் 17-ஆம் இடத்தையும் பிரிட்டனில் 6-ஆம் இடத்தையும் அது எட்டிற்று.

அக்காலத்து இசைப்படங்களை எண்ணிப் பாருங்கள். 1981-இல் எம்.டி.வி. தோன்றியபின் பாட்டுக்குப் படம் பிடிப்பது பெருந்தொழிலாகிவிட்டது. மினுக்கும் உடை, மின்னும் மேடை, மயக்கும் ஒளி என்றிருந்த திரையிலே, இக்குழு செம்மண் பாலையைக் கொண்டுவந்து நிறுத்தியது. நெடுஞ்சாலை, புழுதி, வெயில். மொட்டைத் தலையுடன் ஆறடிக்கு மேல் உயர்ந்த பாடகர் பீட்டர் கேரட், சட்டம் பயின்றவர், கைகால்களை உதறி உதறி ஆடுகிறார். அழகான ஆட்டம் என்று சொல்ல மாட்டோம். வழக்கு மன்றத்தில் பேச்சு எடுபடாதவன் உடம்பால் வாதாடுவது போலிருக்கும்.

அந்தப் படத்தை ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்குக் காட்டினோம். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து கேட்டாள்: “பாடுகிறவர்களும் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாமே, ஐயா?”

நறுக்கென்ற கேள்வி! அக்குழுவினர் அனைவரும் வெள்ளையரே. ஆனால் அவர்கள் நகரத்து மாடியிலிருந்து கண்ணீர் வடித்தவர்களல்லர். 1986-இல் தொலைதூரப் பாலைக் குடியிருப்புகளுக்குப் பயணம் செய்து, மண்ணில் நின்று பாடினர். உடன் வந்தது ‘வாரும்பி’ இசைக்குழு. பிண்டுபியரை அடைத்து வைத்த அதே பாப்புன்யாவிலே பிறந்த குழு அது. 1983-இலேயே பழங்குடி மொழியாகிய லூரிச்சாவில் ராக் பாட்டை வெளியிட்ட குழுவும் அதுவே. ஆக, வெள்ளையர் பாடுமுன்பே அம்மண்ணின் மைந்தர் தம் மொழியிற் பாடிவிட்டனர். உலகின் செவி திறந்ததோ வெள்ளைக் குரலுக்கு! இந்த அநீதியைப் பாட்டு தீர்த்து வைக்கவில்லை. அதையும் அந்தப் பெண்ணிடம் மறைக்காமற் சொன்னோம்.

அதே இசைத்தட்டில் ‘தி டெட் ஹார்ட்’ – செத்த இதயம் – என்றொரு பாடலும் உண்டு. நடுப்பாலைக்கு வெள்ளையர் இட்ட பெயர் அது. கிரிகரி என்ற நிலவியல் அறிஞர் 1906-இல் வெளிவந்த தம் நூலுக்கே அப்பெயரைச் சூட்டினார். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக மக்கள் ஊற்றறிந்து உயிர் வளர்த்த இடம் அவருக்குப் பிணமாகத் தெரிந்தது! 1985 அக்டோபர் 26-இல் உலுரு என்னும் செம்பாறை அனங்கு மக்களிடம் ஒப்படைக்கப்பட்டதையொட்டி எழுந்த பாட்டு அது. ஒப்படைத்த கையோடு அரசு அதை 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிக்கொண்டது. ஏறாதீர் என்று அனங்கு மக்கள் வேண்டியும் சுற்றுலாப் பயணிகள் பாறை மீது ஏறியவண்ணமே இருந்தனர். அது தடுக்கப்பட்டது 2019 அக்டோபர் 26-இல், அதாவது 34 ஆண்டுகள் கழித்து!

‘உரிமையற்ற நிலம்’ என்ற பொய்யை உடைத்தது பாட்டன்று, வழக்கு. டாரஸ் நீரிணைத் தீவினரான எடி மாபோவும் உடனிருந்தோரும் பத்தாண்டுகள் வழக்காடினர். 1992 சூன் 3-இல் உயர்நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. தீர்ப்பைக் கேட்க மாபோ இல்லை. ஐந்து திங்கள் முன்பே மறைந்துவிட்டார்.

2000-இல் சிட்னி ஒலிம்பிக் நிறைவு விழா. மன்னிப்புக் கேட்க மறுத்துவந்த தலைமையமைச்சர் ஜான் ஹோவர்டு அவையிலே அமர்ந்திருந்தார். ‘மன்னிக்கவும்’ என்ற சொல்லைத் தாங்கிய கரிய உடையணிந்து அதே குழு அதே பாட்டைப் பாடியது. எட்டாண்டு கழித்து, 2008 பிப்ரவரி 13-இல், குடும்பங்களினின்று பிரிக்கப்பட்ட பழங்குடிக் குழந்தைகளுக்காக நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார் கெவின் ரட். அவர் அமைச்சரவையில் கேரட்டும் ஒருவர். பாட்டிலே பேசிய அளவுக்குப் பதவியிலே பேசவில்லை என்று அவரைக் குறை கூறுவோர் உளர். குறையிலே உண்மை உண்டு என்றே நாமும் எண்ணுகிறோம்.

2023 அக்டோபர் 14. பழங்குடியினரின் கருத்தைச் சொல்ல ஓர் அவையை அரசியற் சட்டத்திலே சேர்க்கலாமா என்று மக்களிடம் கேட்கப்பட்டது. நூற்றுக்கு அறுபது பேர் ‘வேண்டாம்’ என்றனர். உலுருவின் குத்தகை முடிய 2084 வரை காலம் இருக்கிறது.