வருகை எண்ணிக்கை: எண்ணப்பட்டது ஆளா, கோரிக்கையா?



ஓர் அகப்பக்கத்தின் அடியில் ‘10,000 வருகைகள்’ என்று இருந்தால், பத்தாயிரம் பேர் படித்துவிட்டார்கள் என்றுதானே நினைக்கிறோம்? அவசரப்படாதீங்க. இந்த எண் எப்படிப் பிறந்தது என்று பார்ப்போம்.

டிம் பெர்னர்ஸ் லீ செர்ன் ஆய்வு மையத்தில் உருவாக்கிய முதல் வலைச் சேவையகத்துக்கு வந்த கோரிக்கைகள், 1991 முதல் 1994 வரை ஆண்டுதோறும் ஏறக்குறைய 10 மடங்கு பெருகின. கவனியுங்கள்: பெருகியவை கோரிக்கைகள். எத்தனை பேர் என்று சேவையகத்துக்குத் தெரியாது.

1993இல் வந்த மொசைக் உலாவி, எழுத்தோடு படத்தையும் ஒரே பக்கத்தில் காட்டியது. ஒவ்வொரு படமும் தனிக் கோரிக்கை. ஆக, 9 படங்கள் உள்ள பக்கத்தை ஒருவர் ஒருமுறை திறந்தாலே பதிவேட்டில் 10 ‘ஹிட்’. படம் கூடினால் எண்ணும் கூடும், வாசகர் கூடமாட்டார்!

1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி ‘குக்கி’யைக் கண்டுபிடித்தார். இது உலாவியை அடையாளம் காணும், ஆளை அல்ல. நீங்கள் கைப்பேசியிலும் வீட்டுக் கணினியிலும் பள்ளிக் கணினியிலும் பார்த்தால் மூன்று வருகையாளர். ஒரே கணினியை மூன்று மாணவர் மாறிமாறிப் பயன்படுத்தினால் ஒருவர்தான்.

தேடுபொறிகளின் தானியங்கி நிரல்களும் பக்கங்களைத் திறக்கின்றன. 2005இல் வெளிவந்த கூகல் அனலிட்டிக்ஸ், பக்கத்துக்குள் ஒரு சிறு நிரலை வைத்து எண்ணியது. அதனால் பல தானியங்கிகள் கணக்கில் வரவில்லை. அந்த நிரலைத் தடுத்துவைத்த மனிதர்களும் வரவில்லை. 2023 ஜூலையில் அதன் பழைய பதிப்பு நிறுத்தப்பட்டது. புதிய பதிப்பு எண்ணும் முறையே வேறு. எனவே அதற்கு முன்னும் பின்னும் உள்ள எண்களை அப்படியே ஒப்பிட முடியாது.

இதனால் நமக்கென்ன? ஓர் ஆசிரியர் ஒரு பயிற்றியைப் பதிவிறக்கி, 30 மாணவருக்கு நகலெடுத்துக் கொடுக்கிறார். கணக்கில் விழுவது 1. ‘யாரும் பார்க்கல’ என்று அந்தப் பயிற்றியை நீக்கினால் நட்டம் மாணவருக்குத்தான்.

தேர்வுக் கட்டுரையில் இத்தகைய எண்ணைச் சான்றாகக் காட்டும் மாணவர்களே, முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: எதை எண்ணினார்கள்? எப்படி எண்ணினார்கள்? எந்தக் காலத்தில் எண்ணினார்கள்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு எழுதுங்கள். அதுவரை அது வெறும் எண்தான், சான்று ஆகாது.