கடிகாரக் கண்ணாடியும் நீலக்கல்லும்

பல்லாயிரம் வெள்ளி கொடுத்து வாங்கிய கைக்கடிகாரமே ஆயினும், அதன் முகத்திற் பதித்த கண்ணாடி சுவரில் மோதினால் உடையத்தான் செய்யும். அவ்வுடைவுக்கும் ஒரு வரலாறு உண்டு.

1930-ஆம் ஆண்டையொட்டி, இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் பட்டாளத் துரைமார் குதிரையேறிப் போலோ ஆடுங்கால், மட்டையும் பந்தும் பட்டு அவர்தம் கடிகாரக் கண்ணாடிகள் நொறுங்கின. அவர்கள் குறையை ஸெஸார் தெ த்ரே என்னும் சுவிஸ் வணிகர் கேட்டுச் சென்றார். ஷோவோ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர், பெட்டியைப் புரட்டி முகத்தை உட்புறம் மறைக்கும் அமைப்பொன்றை வகுத்து, 1931 மார்ச்சில் காப்புரிமை கோரினார். 'ரெவெர்சோ' பிறந்தது இவ்வாறே. துரைமாரின் விளையாட்டில் உடைந்த கண்ணாடிக்கு ஓராண்டுக்குள் மாற்று கிடைத்தது. உழைப்பாளி கையில் உடைவனவற்றுக்கு இத்தனை விரைவு கிடைத்ததாக நாம் கண்டதில்லை!

முகத்தை மறைப்பது ஒரு வழி; கண்ணாடியையே மாற்றுவது மற்றொன்று. 1930-களில் சந்தைக்கு வந்த அக்ரிலிக், அடிபட்டால் எளிதிற் சிதறாது. கீறல் விழும்; ஆயினும் தேய்த்தால் மறையும். 1969-இல் சந்திரனில் நடந்த ஆல்டிரின் அணிந்த ஓமேகாவின் முகமும் அக்ரிலிக்கே.

இன்று உயர்விலைக் கடிகாரங்களிற் பெரும்பாலும் காணப்படுவது செயற்கை நீலக்கல். பிரெஞ்சு வேதியியலார் வெர்னே, அலுமினிய ஆக்ஸைடுப் பொடியைக் கடுஞ்சுடரில் உருக்கி மாணிக்கம் வளர்க்கும் முறையை 1902-இல் வெளியிட்டார். குரோமியம் சேர்ந்தால் அது மாணிக்கம். இரும்பும் டைட்டானியமும் சேர்ந்தால் நீலம். ஒன்றும் சேராவிடில் நிறமற்ற பளிங்கு. சனிக்குரிய கல்லென்று சோதிடர் சொல்லக் கேட்டு நீலத்தை அணிய நடுங்குவோர், அதே பொருளைக் கடிகாரத்தின்மேல் அச்சமின்றி அணிந்து திரிகின்றனர். சனி எங்கே போனானோ, நாமறியோம்!

கடினத்தில் வைரத்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் இக்கல்லில் எளிதிற் கீறல் விழாது. ஆனால் வலிய அடி பட்டால் சில்லு சில்லாகச் சிதறும். அச்சில்லுகள் எண்தகட்டைக் கீறும், சக்கரங்களுக்கிடையே புகும். எனவே உடைந்த கடிகாரத்தை ஓடவிடாது நிறுத்தி, பழுதுபார்ப்போரிடம் கொடுத்தல் வேண்டும். அவர் இயந்திரத்தைக் கழற்றித் துகளகற்றி, அளவெடுத்த புதுக்கண்ணாடியைப் புதிய ரப்பர் வளையத்துடன் அழுத்திப் பதிப்பார். சாதாரணக் கண்ணாடியை நீலக்கல்லென்று சொல்லித் தலையிற் கட்டுவோரும் உண்டு. எது பதித்தாரென்று ரசீதில் எழுதி வாங்குக. காற்றழுத்தம் கொடுத்து, நீர் புகாமையைச் சோதித்த பின்னரே கூலி கொடுக்கலாம்.