‘சரபஞ்சரா’: குணமாகித் திரும்பியவளை வீடு என்ன செய்தது?

‘சந்திரமுகி’யை டிவியில் எத்தனை முறை பார்த்திருப்பீங்க? டாக்டர் சரவணன் கங்காவைக் குணப்படுத்துவார், குடும்பம் நிம்மதி அடையும், படம் முடிந்துவிடும். சரி, அதற்கு அடுத்த வாரம் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? கங்கா கொஞ்சம் குரல் உயர்த்தினால் எத்தனை பேர் ரெண்டடி பின்னால் போயிருப்பார்கள்?

அந்த ‘அடுத்த வாரம்’ பற்றி 1970-களின் தொடக்கத்திலேயே ஒரு கன்னடப் படம் வந்துவிட்டது. புட்டண்ணா கனகால் இயக்கிய ‘சரபஞ்சரா’. அம்புகளால் ஆன கூண்டு என்று பொருள். புட்டண்ணா நமக்கும் தெரிந்தவர்தான். தமிழில் ‘டீச்சரம்மா’ எடுத்தவர். பாரதிராஜா இவரிடம் உதவி இயக்குநராக இருந்தவர்.

கதை என்ன?

காவேரி (கல்பனா) கணவன், குழந்தை என்று சந்தோஷமாக இருப்பவள். பிரசவத்துக்குப் பிறகு மனநோய் வருகிறது. மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, குணமாகி வீடு திரும்புகிறாள். படம் உண்மையில் பயமுறுத்த ஆரம்பிப்பது இங்கேதான்.

பேய் கிடையாது, கொலை கிடையாது. எல்லாரும் அவளைக் கவனித்துக்கொண்டே இருக்கிறார்கள், அவ்வளவுதான். சிரித்தால் சந்தேகம், கோபப்பட்டால் பயம், பேசாமல் இருந்தால் கவலை. ‘எல்லாரும் என்னையே பார்க்கிறாங்க’ என்று காரணமில்லாமல் ஒருவர் நம்பினால், அதை நோயின் அறிகுறி என்போம். காவேரி விஷயத்தில் அது நிஜம். கணவனுக்கு வேறொரு பெண்ணுடன் தொடர்பு இருப்பது தெரியவந்து அவள் கொதிக்கும்போது, அந்த நியாயமான கோபத்தைக்கூட யாரும் கோபமாக எடுத்துக்கொள்வதில்லை. கடைசியில் அவள் மறுபடியும் உடைந்துபோகிறாள். பார்க்கும்போது கல்பனாவோடு சேர்த்து, பக்கத்தில் நிற்பவர்களின் முகத்தையும் கவனிங்க.

சிறந்த கன்னடப் படத்துக்கான தேசிய விருது இதற்குக் கிடைத்தது. 1974-ல் ‘கிருஷ்ணவேணி’ என்ற பெயரில் தெலுங்குக்கும் போனது. அதில் வாணிஸ்ரீ நடித்தார்.

நஞ்சன்கூடு பக்கத்துக் கதை

மூல நாவலை எழுதியவர் திரிவேணி (1928-1963). மைசூரு மகாராஜா கல்லூரியில் உளவியல் படித்தவர். மனநோயை சாபமாகவோ பேயாகவோ காட்டாமல், நோயாகவே எழுதினார். பெண்ணுக்கு வீடு செய்வதை எழுதும் வழக்கம் அந்த வட்டாரத்தில் அவருக்கும் முந்தையது. மைசூரிலிருந்து சுமார் 25 கி.மீ. தள்ளி, கபிலா நதிக்கரையில் இருக்கும் நஞ்சன்கூட்டில் 1887-ல் பிறந்த திருமலாம்பா, சிறுவயதிலேயே விதவையானவர். பிறகு எழுத்தாளராகி, சொந்தமாகப் பதிப்பகமும் நடத்தினார்.

நஞ்சன்கூடு கோயிலின் நஞ்சுண்டேஸ்வரருக்கு ‘ஹக்கீம்’, அதாவது வைத்தியர், என்றும் பெயர் உண்டு. திப்பு சுல்தானின் யானைக்குக் கண்பார்வை திரும்பியதாகச் சொல்லப்படும் கதையிலிருந்து வந்த பெயர். உடம்புக்கு முடியாமல் அங்கே வேண்டிக்கொண்டு குணமானவரை ஊர் ‘பாக்கியசாலி’ என்று கொண்டாடும். மனநல மருத்துவமனையிலிருந்து வருபவரை மட்டும் ஏனோ அப்படிப் பார்ப்பதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

காவேரிக்கு இல்லாத ஒன்று இன்று உங்களுக்கு இருக்கிறது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017. இதன் 3-வது பிரிவுப்படி, ஒருவர் முன்பு சிகிச்சை எடுத்தார், மருத்துவமனையில் இருந்தார் என்பதை மட்டும் வைத்து இப்போது அவருக்கு மனநோய் இருப்பதாக முடிவு கட்ட முடியாது. 21-வது பிரிவு, உடல்நோய்க்குத் தருவதைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. ஆபீஸ் இன்ஷூரன்ஸ் பாலிசியை ஒருமுறை எடுத்துப் பாருங்க.

பிரசவத்துக்குப் பின் வரும் தீவிர மனநோய், ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டு பேருக்கு வரக்கூடியது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களில் தொடங்கும். தூக்கமே இல்லாமை, குழப்பம், இல்லாததைக் கேட்பது ஆகியவை தெரிந்தால் காத்திருக்க வேண்டாம். அவசர சிகிச்சை தேவை. சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானோர் குணமாகிறார்கள்.

மனநல உதவிக்கு மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம்.