ஏழு பேர்ச்சில் என்ன மரம்?

டிக்கோயா பஸாரில் எங்கள் கடையின் பின்புறம் ஒரு சிறிய முற்றம் இருந்தது. அதில் நின்ற ஒரே பழமரம் மரத்தக்காளி. வாப்பா நட்டது. இரண்டு வருடத்துக்குள் காய்த்தது. ஏழெட்டு வருடம் காய்த்து ஓய்ந்ததும் அதே குழியில் இன்னொரு கன்றை வைத்தார். எனக்கு நினைவு தெரிந்து அந்த முற்றத்தில் நான்கு மரத்தக்காளிகள் வாழ்ந்து முடிந்தன. “ஒரு பேரி மரம் வச்சா என்ன வாப்பா?” என்று சிறுவயதில் ஒருமுறை கேட்டேன். “இது வாடகைக் கடை மகன்” என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தப் பதிலின் பொருள் எனக்கு விளங்க நாற்பது வருடங்கள் சென்றன. எங்கள் கடையில் தலைமுறையாகச் சாமான் வாங்கிய தோட்டத்துக் குடும்பம் ஒன்றின் மகன், இப்போது ஆசிரியராக இருப்பவர், அண்மையில் என்னைத் தேடி வந்தார். லயத்தை விட்டுத் தனி வீட்டுக்குக் குடிபோயிருக்கிறார்கள். “நானா, ஏழு பேர்ச் காணி. வீடு போக மிச்சம் கொஞ்சம் இருக்கு. என்ன பழமரம் வைக்கலாம்? ஆப்பிள் வருமா?” என்று கேட்டார். மண்ணைப் பற்றிய கேள்விதான். ஆனால் மலையகத்தின் வரலாற்றைத் தொடாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது என்று எனக்குப் பட்டது.

ஆப்பிளிலிருந்தே தொடங்கலாம். இந்த மலைகளில் ஐரோப்பியப் பழங்களை விளைவிக்கும் ஆசை வெள்ளைக்காரர் வந்த காலத்திலேயே தோன்றியது. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியிட்ட தமது இலங்கை பற்றிய நூலில் நுவரெலியாத் தோட்டங்களின் நிலையைச் சொல்லியிருக்கிறார். பீச், செரி போன்ற மரங்கள் அங்கே செழித்து வளர்ந்தன; ஆனால் இலையுதிர்க்கவில்லை. பனிக்கால ஓய்வு கிடைக்காமல் ஆண்டு முழுவதும் பசுமையாகவே நின்று களைத்து, பழுக்க மறுத்தன. அதே நூலில் யாழ்ப்பாணத்துச் செய்தியொன்றும் உண்டு. அங்கு அரசாங்க அதிபராக இருந்த டைக் என்பவரின் திராட்சைக் கொடிகளும் இவ்வாறே ஓய்வின்றி நின்றன. குளிர் செய்யும் வேலையைக் கடும் வெயிலும் செய்யக்கூடும் என்று எண்ணிய அவர், வேர்களைத் தோண்டி வெயிலில் காயவிட்டார். கொடி அடங்கியது, பின்னர் காய்த்தது.

இன்றைய விஞ்ஞானம் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. ஆப்பிள், பேரி, பிளம்ஸ் போன்ற மரங்கள் மொட்டவிழ, ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழான குளிரில் குறிப்பிட்ட மணித்தியாலங்கள் உறங்கியிருக்க வேண்டும். குளிர்நாட்டு ஆப்பிள் இனங்கள் பலவற்றுக்கு ஆயிரம் மணித்தியாலமளவு தேவை. இஸ்ரேலில் உருவாக்கப்பட்ட ‘அன்னா’ போன்ற இனங்களுக்கு இருநூறு, முந்நூறு போதும். டிக்கோயாவின் இரவுகள் கம்பளி கேட்பவைதாம். ஆனாலும் இந்தக் கணக்கை நிரப்பக்கூடியவை அல்ல. போதாததற்கு, தென்மேற்குப் பருவமழை எங்கள் சரிவில்தான் முதலில் இறங்கும். மே தொடங்கிச் செப்டெம்பர் வரை எதுவும் முழுதாகக் காய்வதில்லை. மலைக்கு அப்பால் வெலிமடையும் பண்டாரவளையும் அம்மாதங்களில் வெயில் காணும். பேரிக்கு அந்தப் பக்கம் பெயர் வந்ததில் வியப்பில்லை.

ஆகவே ‘மலைநாட்டுக்கு ஏற்ற மரம்’ என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. பேராதனைப் பூங்காவுக்கு 1895இல் வந்த மக்மிலன், 1910இல் வெளியிட்ட தோட்டக்கலைக் கைநூலில் செடிகளை உயரம் பார்த்தே பிரித்தார். கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ நாலாயிரம் அடிக்கு மேலே நிற்கும் எங்களூரில் கறுத்தக் கொழும்பான் மாமரம் இலைதான் தரும். ரம்புட்டானும் மங்குஸ்தானும் தாழ்நாட்டுக்குரியவை. கொடித்தோடையில்கூட மஞ்சள் இனம் கீழ்நாட்டுக்கும் ஊதா இனம் மேட்டுநிலத்துக்கும் பொருந்தும். இங்கே நம்பி வைக்கத்தக்கவை ஆனைக்கொய்யா, மரத்தக்காளி, ஊதாக் கொடித்தோடை, கொய்யா ஆகியவை.

ஆனால் எது விளையும் என்பது பாதிக் கதைதான். யார் எதை நட்டார்கள் என்பது மற்றப் பாதி. நான் சிறுவனாகக் கண்ட துரை பங்களாக்களில் பேரியும் பிளம்ஸும் நின்றன. காய்த்தாலும் காய்க்காவிட்டாலும் அவற்றைப் பேணத் தோட்டக்காரர் இருந்தார். லயத்து வாசலில் நின்றவை மரத்தக்காளி, வாழை, கூரையேறிய கொடித்தோடை. இதற்கு உயரம் காரணமல்ல. இரண்டும் ஒரே மலையின் மண். வித்தியாசம் காலத்தில் இருந்தது. மரத்தக்காளி இரண்டு வருடத்துக்குள் கூலி தந்துவிடும். விதையில் முளைத்த ஆனைக்கொய்யா ஐந்து, ஏழு, சிலவேளை பத்து வருடம் கேட்கும்.

பத்து வருடத்தை யாரால் கொடுக்க முடிந்தது? 1948இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964இன் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மிஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. எஞ்சியிருந்த நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. எப்போது கப்பலேற வேண்டும் என்று தெரியாமல் ‘பாஸ்போட்’ வரக் காத்திருந்த மனிதன் வாசலில் ஆனைக்கொய்யா நடுவானா? நட்டவர்களும் உண்டு. காய்க்குமுன் அவர்கள் போனார்கள். பழத்தை வேறு யாரோ தின்றார்கள். வேலிக்குள் பெரிய மரம் வளர்த்தால் அதிகாரம் கேள்வி கேட்கும் என்ற பயமும் இருந்ததாகப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். பஸாரிலிருந்த எங்களுக்கு நாட்டைப் பற்றிய அந்தப் பயம் இல்லை. ஆனால் காலடி மண் எங்களுடையதும் அல்ல. வாப்பாவின் மரத்தக்காளியும் லயத்து மரத்தக்காளியும் ஒரே காரணத்துக்காக நடப்பட்டவை.

நம் நாட்டுத் தமிழில் காணிப் பத்திரத்துக்கு ‘உறுதி’ என்று பெயர். பழமரம் வைப்பதற்கு முதலில் வேண்டிய உரம் அதுதான்.

இனி ஆசிரியரின் கேள்விக்கு வருகிறேன். ஏழு பேர்ச் என்பது சுமார் 1,900 சதுர அடி. வீடு 550 சதுர அடி. பாதை, நீர்த்தாங்கி, மலசலகூடம் போக மிஞ்சுவதில் ஒரு பெரிய மரத்துக்குத்தான் இடமுண்டு. அந்த ஒன்றைத் தெரிவதில்தான் கவனம் வேண்டும். விதைக்கன்று தாயைப் போலிராது. ஒட்டுக்கன்று தாயின் குணத்தோடு மூன்று நான்கு வருடத்தில் காய்க்கும். ஒட்டும் கலை புதியதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் செவில் நகரத்து இப்னுல் அவ்வாம் தமது விவசாய நூலில் அதை விரிவாக எழுதி வைத்தார்.

ஆனைக்கொய்யாவில் தாழ்நிலத்துக்குரிய மேற்கிந்திய வர்க்கத்தைத் தவிர்த்து, மேட்டுநிலத்திலிருந்து வந்த குவாத்தமாலா, மெக்சிக்கோ வர்க்கங்களின் கலப்பை நாடவேண்டும். ‘ஹாஸ்’, ‘ஃபுவெர்ட்டே’ இரண்டும் அத்தகையவை. ஹாஸின் கதை வீட்டுத் தோட்டக்காரருக்கு உற்சாகமூட்டுவது. கலிபோர்னியாவில் ருடோல்ஃப் ஹாஸ் என்ற தபாற்காரர் 1920களில் தமது சிறு காணியில் வைத்த கன்றொன்றில் ஃபுவெர்ட்டேயை ஒட்ட முயன்றார். ஒட்டு மீண்டும் மீண்டும் பட்டுப்போனது. கைவிடப்பட்ட அந்தக் கன்று தானாக வளர்ந்து காய்க்க, அதன் ருசியை முதலில் கண்டுபிடித்தவர்கள் அவருடைய பிள்ளைகள். 1935இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். இன்று உலகச் சந்தையில் விற்கும் ஆனைக்கொய்யாவில் பெரும்பகுதி அந்த ஒரே மரத்தின் வழி வந்தது.

ஆனால் எல்லோரும் ஹாஸையே வைப்பதும் சரியல்ல. ஆனைக்கொய்யாப் பூ இருமுறை விரியும். ஹாஸின் பூ முதல்நாள் காலையில் பெண்ணாகவும் மறுநாள் பின்னேரம் ஆணாகவும் விரிகிறது. ஃபுவெர்ட்டே முதல்நாள் பின்னேரம் பெண். மறுநாள் காலை ஆண். தனிமரமும் ஓரளவு காய்க்கும். இரண்டு வகையும் அருகருகே நின்றால் தேனீ அதிக வேலை செய்யும். ஏழு பேர்ச்சில் இரண்டுக்கு இடமில்லை. ஆனால் வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுக்காரருக்கும் ஏழு பேர்ச் இருக்கிறது.

டிக்கோயா இதை ஒருமுறை பட்டு அறிந்த ஊர். 1860களில் இந்தப் பள்ளத்தாக்கின் காடு வெட்டப்பட்டது கோப்பிக்காக. மலைக்கு மலை ஒரே அராபிகா. 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் கண்டது. 1880இல் அதை ஆராய வந்த மார்ஷல் வார்ட், இடைவெளியின்றி ஒரே பயிரை வைத்தது நோய்க்கு வசதியானதை எடுத்துக்காட்டினார். ஒரு தலைமுறைக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. துரைமார் நட்டம் எழுதினார்கள். கூலிகள் பட்டினி கிடந்தார்கள்.

அதனால் ஆசிரியருக்கு நான் சொன்னது இதுதான். “தம்பி, தண்ணீர் தேங்காத மூலையில் மண்ணை மேடாக்கி ஒரு ஹாஸ் ஒட்டை வையுங்கள், ஈரம் தங்கினால் வேர் அழுகிவிடும். உயரப் போகவிடாமல் கவாத்துப் பண்ணுங்கள், உங்களுக்குக் கவாத்துச் சொல்லித்தரத் தேவையில்லை. பக்கத்து வீட்டாரை ஃபுவெர்ட்டே வைக்கச் சொல்லுங்கள். அது காய்க்கும்வரை வேலியோரம் மரத்தக்காளி இருக்கட்டும்.”

அவர் சிறிது நேரம் பேசாமலிருந்தார். “வீடு தந்தாங்க நானா. உறுதி இன்னும் கைக்கு வரல்ல. வந்த பிறகு வைப்பமா?” என்றார்.

வாப்பாவின் முற்றம் எனக்கு நினைவுக்கு வந்தது. நாற்பது வருடம் அவர் அந்த வாடகைக் கடையில்தான் இருந்தார். முதல் வருடமே ஒரு ஆனைக்கொய்யாவை வைத்திருந்தால் முப்பது வருடம் தின்றிருக்கலாம். “உறுதியைக் கேட்டுக்கொண்டே இருங்கள், விடாதீர்கள். குழியை மட்டும் இந்த மழைக்கே வெட்டுங்கள்” என்றேன்.

போன கிழமை வந்தார். குழி வெட்டியாயிற்றாம். பக்கத்து வீட்டாரும் சம்மதமாம். ஃபுவெர்ட்டே ஒட்டுக்கன்று எங்கே கிடைக்கும் என்று இருவருமாக விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.